மூன்றாம் நிலைத் தலைப்பு

…ஒரே ஒரு எண்தான், பொருளடக்கத்தில் எத்தனை நிலைத் தலைப்பு வரலாம் என்று சொல்லும் எண், இரண்டை மூன்றாக்கினால் போதும், அதோடு தொலைந்தாய் மேனேஜரே, மதியம் இயக்குநர்கள் கூடினால் பொருளடக்கத்தைத்தான் புரட்டுவார்கள், இருநூறு பக்கத்தை யார் படிக்கப்போகிறார்கள், அது தெரிந்துதானே காலையில் வந்து என் தோளில் தட்டினாய், "என்ன புரொபசர், பொருளடக்கம் ஒரே பக்கத்துல நிக்கணும், பொடித் தலைப்பெல்லாம் உள்ளயே கெடக்கட்டும்" என்றாய், பக்கத்து மேசைக்காரி சிரித்தாள், இதே ஆலையில் மூட்டை தூக்கியவன் நாற்பத்திரண்டு வயதில் எழுத்துக் கற்று, கணினியில் லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளில் அறிக்கை அடுக்குகிறான் என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும், சிரிக்கட்டும்… அத்தியாயம், பிரிவு, உட்பிரிவு, அதற்கும் கீழே மூன்றாம் நிலை, அங்கேதானே என் தம்பியின் நாலு விரலைப் புதைத்து வைத்திருக்கிறாய், 'வெட்டு இயந்திரத்தின் காப்பு மூடியைக் கழற்ற உத்தரவிட்டவர்', அதாவது நீ, விசாரணைக்கு வந்தவர் உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டுப் போய்விட்டார், அதை அழிக்க உன்னால் ஆகாது, கண்ணில் படாமல் வைக்கலாம், அவ்வளவுதான்.

மூன்று என்று அடித்தேன், கோப்பை ஓட்டினேன்… பொருளடக்கத்தில் உன் தலைப்பு வந்துவிட்டது, நூற்றுப் பதினெட்டாம் பக்கம், கன்னங்கரேலென்று. "விடுண்ணே, போன வெரலு மொளைக்கவா போகுது?" என்பான் தம்பி, இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே, நான் விடமாட்டேன், இன்றைக்கு விடவே மாட்டேன்… ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மற்றவையும் ஏறி வந்திருக்கின்றன, தரையில் எண்ணெய்க் கசிவு, போதாத வெளிச்சம், அப்புறம் இது என்ன, 'தொழிலாளியே மூடியைக் கழற்றியதாக அவர் அண்ணன் அளித்த வாக்குமூலம்', நூற்று இருபத்தொன்று. நான் கட்டைவிரல் வைத்த தாள் அல்லவா, அன்று எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது, "சும்மா ஒரு பேப்பர்தான்யா, அமுக்கு" என்றாய், அமுக்கினேன், தம்பிக்கு இன்றுவரை தெரியாது. சரி, எண்ணைத் திரும்பவும் இரண்டாக்கினேன், உன் தலைப்புக்கு முன்னால் மட்டும் மூன்றுக்கு ஏற்றும் ஒரு வரி, பின்னால் இறக்கும் ஒரு வரி, இதற்கு இரண்டு தடவை ஓட்டவேண்டும், ஓட்டினேன், பொருளடக்கத்தில் நீ நிற்கிறாய், நான் இல்லை, எவ்வளவு சுலபம், நீ செய்யச் சொன்னதும் இவ்வளவுதானா… அச்சுக்கு அனுப்பவேண்டியதுதான் பாக்கி, மணி பன்னிரண்டாகப் போகிறது, விரல் பொத்தான் மேல் நிற்கிறது, எழுத்துத் தெரியாது சரி, காது கேட்டதே எனக்கு, வாயும் இருந்ததே, கொஞ்சம் வாசித்துக் காட்டுங்கள் என்று அன்றைக்கு ஏன் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை?