எட்டு மணி மாத்திரை

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாக ஊரார் எலும்பையெல்லாம் பார்த்துச் சலித்தவர், ஒருநாள் தன் கையையே படம் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அலமாரிக் கதவில் வலது கை நசுங்கிவிட்டதாம். ஆள் வராத மதிய நேரம், முறிந்திருக்கிறதா பார்ப்போமே என்று எடுத்திருக்கிறார்.

எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபடி வெகுநேரம் நின்றார். நானும் போய் எட்டிப் பார்த்தேன். மணிக்கட்டிலிருந்து கட்டை விரல் பக்கமாக இரண்டு மெல்லிய வெள்ளைக் கோடுகள் ஒன்றையொன்று தொடாமல் வளைந்து வளைந்து போயின.

"இது என்னங்க, ரோடு மாதிரி?"

"ரத்தக்குழாய்."

"பார்க்க அழகாத்தான் இருக்கு."

"அது படத்துல தெரியவே கூடாதும்மா. எலும்புதான் தெரியணும். குழாய்ல சுண்ணாம்பு படிஞ்சு, அதுவும் எலும்பு மாதிரி ஆயிட்டு இருக்கு."

நாளைக்கு மழை வரும் என்பதுபோல அதைச் சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றப் போனார். நான்தான் படத்தை மறுபடி எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன்.

காரணம் இருந்தது. ஐந்து வருஷமாக அவருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். என் சிறுநீரகம் ஒன்று அவருக்குப் பொருந்தும் என்று அதற்கு முந்தைய மாதம்தான் சொல்லியிருந்தார்கள். கொடுக்கிறேன் என்று ஒற்றைக் காலில் நின்று சம்மதிக்க வைத்திருந்தேன். அதை இடுப்புக்குள் ஓடும் ரத்தக்குழாயோடு சேர்த்துத் தைக்க வேண்டும். கையில் படிந்தது இடுப்பிலும் படிந்திருந்தால்? ஊசியே இறங்காத குழாயில் எதை வைத்துத் தைப்பது?

அறுவை டாக்டர் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "இடுப்பை ஸ்கேன் எடுத்துப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். அதுக்கு முன்னாடி இதயத்தையும் பார்த்துடலாம். குழாய் விறைச்சுப் போச்சுன்னா இதயம் முக்கி முக்கித் தள்ளணும், அதோட சுவர் தடிச்சுடும்." இதயத்தைப் பார்த்தார்கள். சுவர் கொஞ்சம் தடித்திருந்தது, ஆனால் அறுவையைத் தாங்கும் என்றார்கள். ஸ்கேனுக்குப் பதினைந்து நாள் கழித்துத் தேதி கொடுத்தார்கள்.

நான் பஸ் டெப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு வந்தது என்று எழுதுவதும், நேரமானால் விசில் ஊதுவதும் என் வேலை. டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் மணிக்கூண்டு. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வார்கள். உலகத்தில் பாதி வியாதி தாமதத்தால் வருகிறது என்பது என் கட்சி. அதனால் வீட்டுக்காரரின் மாத்திரை காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு எட்டு. மதிய மாத்திரைக்கு ஆஸ்பத்திரிக்கே போன் போட்டுவிடுவேன். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனதில்லை.

அந்த வாரம் டயாலிசிஸுக்கு லீவு போட்டுவிட்டு நானும் கூடப் போனேன். அந்த அறையில் பதினொரு நாற்காலிகள். எல்லோருக்கும் பக்கத்தில் ஒரு மெஷின் சுற்றிக்கொண்டிருக்கும். ரத்தம் சிவப்புக் குழாயில் வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, அலுப்பில்லாமல் உள்ளே போகும். ஜன்னல் திரை வழியாகப் பால் மாதிரி ஒரு வெளிச்சம். நாலு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் அந்த அறையே தூங்கும். என்னவரும் கண்ணை மூடி வேறெங்கோ போய்விட்டு வருவார், வந்ததும் போன இடத்தைச் சொல்வார்.

"வெள்ளையா ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் வெள்ளை மரம், இலையே இல்லை. நடக்க நடக்க ரோடு குறுகிட்டே போகுது. சத்தமே கிடையாது. தூரத்துல ஒரே ஒரு பஸ், என்ஜின் மட்டும் டுப்பு டுப்புன்னு ஓடிட்டிருக்கு."

"போய் ஏற வேண்டியதுதானே?"

"எங்க ஏறுறது? வண்டிதான் கிளம்பலையே. டைம் கீப்பரைக் காணோம்."

சிரித்தோம். அப்போது மணி ஒன்று ஆனது. பையிலிருந்து டப்பாவை எடுத்து மாத்திரையை நீட்டினேன். ரத்த அழுத்தம் பார்க்க வந்த நர்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சாப்பிட்டாச்சா?"

"இல்லைம்மா, முடிஞ்சு வீட்டுக்குப் போய்த்தான். மூணு மணி ஆயிடும்."

"அப்புறம் ஏன் இப்ப குடுக்கறீங்க?"

"ஒரு மணி ஆச்சே."

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னாள். "இது மணிக்கான மாத்திரை இல்லைக்கா, சாப்பாட்டுக்கான மாத்திரை. சாப்பாட்டுல பாஸ்பரஸ்னு ஒண்ணு இருக்கும். கிட்னி நல்லா இருந்தா அதை வெளிய அனுப்பிடும். இவங்களுக்கு உடம்புலயே தங்கிடும், அதுதான் சுண்ணாம்பையும் சேர்த்துக்கிட்டுக் குழாய்ல போய் உட்காரும். இந்த மாத்திரை வயித்துலயே அதைப் பிடிச்சு வெச்சுக்கும். வயித்துல சாப்பாடே இல்லைன்னா எதைப் பிடிக்கும்?"

காலையில் எட்டு மணிக்குக் கொடுப்பேன், அவர் ஒன்பதரைக்குச் சாப்பிடுவார். இரவும் அதே கதைதான். ஐந்து வருஷம். விரல் விட்டு எண்ணத் தொடங்கி நிறுத்திவிட்டேன். அத்தனை மாத்திரையையும் ஆளில்லாத பஸ்ஸாக அனுப்பியிருக்கிறேன். அதுவும் சரியான நேரத்துக்கு.

"அது மட்டுமே காரணம் இல்லைக்கா. வயசு, சுகர், இத்தனை வருஷ டயாலிசிஸ், எல்லாம் சேர்ந்துதான்," என்றாள் நர்ஸ். அது என் காதில் ஏறவில்லை.

அப்போதுதான் என்னவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"சாப்பாட்டோடதான் போடணும்னு. முதல் வருஷமே சொன்னாங்க. நீ கடிகாரத்தைப் பார்த்துட்டுத் தண்ணியும் கையுமா ஓடி வருவ. சொல்லிக்கிட்டு, விளக்கிக்கிட்டு... சோம்பலா இருந்துச்சு. விட்டுட்டேன்."

பதினொரு நாற்காலியும் விழித்துக்கொள்கிற மாதிரி கத்தினேன். சோம்பலா? உயிர் போகிற விஷயத்தில் சோம்பலா? என்னை ஐந்து வருஷம் பைத்தியக்காரியாக்கி வேடிக்கை பார்த்தீர்களா? வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் போர்வையை மார்புவரை இழுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. சோற்றுத் தட்டை வைப்பேன், முதல் வாய் உள்ளே போனதும் மாத்திரையை வைப்பேன், போய்விடுவேன். அவரும் மென்று விழுங்குவார். கோபம் எனக்குத் தெம்பாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் வேலைக்குப் போனேன், சமைத்தேன், தூங்கினேன். தூக்கத்தில் மட்டும் அந்த வெள்ளை ரோடு வந்தது. நான் அதில் மண்டியிட்டு நகத்தால் சுரண்டிக்கொண்டிருப்பேன். தூரத்தில் என்ஜின் சத்தம் கேட்கும். ஊத விசிலைத் தேடுவேன், கழுத்தில் இருக்காது.

ஸ்கேன் அன்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவரை அந்தப் பெரிய வளையத்துக்குள் அனுப்பினார்கள். உள்ளே இருந்து ஒரு குரல், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றது. தினமும் அவர் நூறு பேருக்குச் சொல்கிற வார்த்தை. இன்று வேறு யாரோ அவருக்குச் சொன்னார்கள். நானும் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். வலது பக்கம் முழுக்க வெள்ளை. எனக்கே புரிந்தது, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இடது பக்கமும் வெள்ளைதான். டாக்டர் பேனா முனையால் அதன் மேல் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"இங்க பாருங்க. ரெண்டு விரல் அகலம். இந்த இடம் மட்டும் மெத்துனு இருக்கு. எனக்கு இது போதும், தைச்சிடலாம்."

நாங்கள் கேன்டீனுக்கு வந்தோம். மணி என்ன என்று நான் பார்க்கவில்லை. அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். அவர் சாப்பிடவில்லை.

"ஒண்ணு சொல்லணும். எனக்குத் தெரியாது."

"எது?"

"அந்த மாத்திரை விஷயம். நர்ஸ் சொன்னப்பதான் எனக்கும் தெரியும். முதல் வருஷம் சொல்லியிருப்பாங்க போல, நான் காதுல வாங்கலை."

"எனக்கேவா காது குத்தறீங்க?"

"அன்னிக்கு அரைக்கண்ணால உன் முகத்தைப் பார்த்தேன். பேயறைஞ்ச மாதிரி விரலை எண்ணிட்டிருந்த. கோபம்னா உனக்குக் கைவந்த கலை, எத்தனை நாள் வேணும்னாலும் தாங்குவ. அது என்மேல இருந்துட்டுப் போகட்டும்னு தோணுச்சு." தட்டை விரலால் கொஞ்சம் நகர்த்தினார். "இன்னிக்கு டாக்டர் முடியாதுன்னு சொல்லியிருந்தா, கடைசி வரைக்கும் சொல்லியிருக்க மாட்டேன்."

தட்டை மறுபடி அவர் பக்கம் தள்ளினேன். அவர் ஒரு வாய் எடுத்துச் சாப்பிட்டார். பிறகு என் உள்ளங்கையிலிருந்து மாத்திரையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மூச்சை விடு," என்றார். "எவ்வளவு நேரமாப் பிடிச்சு வெச்சிருக்க?"

விட்டேன். கூடவே அழுகையும் வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று இருந்தேன்.