அண்ணன் தோற்ற ஆட்டம்

என் வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் பலூன்போல வீங்கிவிட்டது. எங்கள் ரொசாரியோ நகர ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழிக்காமல், தொடை இடுக்கு வழியாகத் துணிக்குழாய் ஒன்றை உள்ளே நுழைத்துச் சரிசெய்தார்கள். வருடாந்திர ஸ்கேனில்தான் வில்லங்கம். ஒரு கிளைக்குழாய் வழியாக ரத்தம் பழைய வீக்கத்துக்குள் கசிந்துகொண்டிருந்தது. மறுபடி நுழைந்து அதை அடைத்தார்கள். இப்போது வீக்கம் சுருங்கிவருகிறது.

"எலாடியோ, கூடப் பிறந்தவங்களுக்கும் இது வரலாம். உங்க அண்ணனையும் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்க," என்றார் டாக்டரம்மா.

அண்ணன் ஃபெர்மின் ஓயாமல் சிகரெட் ஊதுகிறவன். அவனிடம் சொன்னது செவிடன் காதில் ஊதிய சங்கு.

"உனக்கு வச்ச குழாயே ஒழுகுச்சு. என்னையும் அதே கடைக்கு அனுப்புறியா?"

"அதான் அடைச்சுட்டாங்கள்ல. வெடிச்சுட்டா அடைக்க நேரம் இருக்காதுண்ணே."

"தெரியாம இருந்தா நிம்மதியாத் தூங்கலாம்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் கத்தினால் இன்னும் முறுக்கிக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை மாதே இலைக் கஷாயம் குடித்துக்கொண்டே த்ரூக்கோ சீட்டாடும்போது சொன்னேன்: "நான் ஜெயிச்சா நீ ஸ்கேனுக்கு வர்ற. நீ ஜெயிச்சா நான் இனிமே வாயைத் திறக்கமாட்டேன்." த்ரூக்கோவில் தோற்றுவிட்டுப் பேச்சு மாறுகிறவனை எங்கள் ஊரில் யாரும் மதிக்கமாட்டார்கள்.

அந்த ஆட்டத்தில் புளுகு குற்றமில்லை. கையில் குப்பையை வைத்துக்கொண்டே பந்தயத்தை ஏற்றலாம்; எதிராளி பயந்து ஒதுங்கினால் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. கடைசிக் கையில் ஆளுக்கு ஒரு சீட்டு மிஞ்சியது. என்னிடம் இருந்தது நாலு, இருப்பதிலேயே மட்டம். ஏற்றினேன். அவனும் ஏற்றினான். நான் உச்சம்வரை ஏற்றினேன். இவன் செத்துப்போவானோ என்ற பயம்தான் எனக்கு.

அண்ணன் என் முகத்தையே பார்த்தான். பிறகு சீட்டைக் காட்டாமல் கட்டுக்குள் செருகினான். "போய்த் தொலையுது, வர்றேன்."

ஸ்கேனில் பார்த்தால், அவன் வீக்கம் என்னுடையதைவிடப் பெரிது. அந்த மாதமே அவனுக்கும் குழாய் வைத்தார்கள். முதல் சோதனையில் ஒரு சொட்டுக் கசிவில்லை. வருஷாவருஷம் வந்து காட்டச் சொன்னார் டாக்டரம்மா.

"பாத்தியா, எனக்கு ஒழுகல. உனக்குத்தான் மட்டமான சரக்கு," என்றான் பஸ்ஸில் ஏறியதும். கொஞ்ச தூரம் போனபின் கேட்டான்: "அன்னிக்கு உன் கையில என்னடா இருந்துச்சு?"

"நாலு."

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். "எங்கிட்ட வாள் ஆஸு."

வாள் படம் போட்ட அந்த ஆஸை அடிக்கிற சீட்டே த்ரூக்கோவில் கிடையாது. "அப்புறம் ஏண்ணே விட்டுக்குடுத்த?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நானாப் போகத் தைரியம் வரலடா. யாராவது தோக்கடிச்சு இழுத்துட்டுப் போனாத் தேவலைன்னு இருந்துச்சு."