நெற்றிக்குப் போகும் கை

திண்டுக்கல்லில் ஏறியதில் இருந்து நிலக்கோட்டையில் இறங்குகிற வரைக்கும் அய்யம்மாள் தூக்குவாளியின் மூடியில் இருந்து கையை எடுக்கவில்லை. உள்ளே ஆட்டுக்கால் சூப்பு. விடிய எழுந்து நாலு காலையும் சுட்டு, மயிர் வழித்து, மிளகும் சீரகமும் அம்மியில் வைத்து நசுக்கிப் போட்டு, மூன்று மணி நேரம் அடுப்பில் கிடந்தது. எல்லாம் தம்பி ஈஸ்வரனுக்கு. அவன் நெற்றி பிளந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். கிளம்பும்போது புருஷன் காத்தமுத்து, "உன் தம்பிக்கு ரத்தம் கொறஞ்சு போச்சாக்கும்" என்று குத்தலாகச் சொன்னான். மச்சான்மாரைப் பற்றி எந்தப் புருஷன்தான் நல்ல வார்த்தை பேசியிருக்கிறான்?

ஈஸ்வரன் ஐந்து வருஷம் அவள் வீட்டில் இருந்தவன். ஐ.டி.ஐ. படித்தது இரண்டு வருஷம், படித்துவிட்டு வேலை தேடியது மூன்று வருஷம். அந்த ஐந்து வருஷமும் ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணி என்றால் அந்த வீட்டில் வேறு வேலை நடக்காது. கேபிளில் ரெஸ்லிங் வரும். வாரத்துக்கு ஆறு நாள் தோல் ஷாப்பில் தொட்டிக்குள் நின்று தோல் மிதிக்கிற காத்தமுத்து குளித்து முடித்து, கயிற்றுக் கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். கட்டிலுக்குக் கீழே ஈஸ்வரன். மகள் இசைவாணி வாசல்படியில். அய்யம்மாள் அடுப்படி நிலையில் சாய்ந்து, கையில் கரண்டியோடு நிற்பாள். உட்கார்ந்து பார்க்க அவளுக்கு நேரம் ஏது?

ஆனால் அங்கே நின்று பார்த்தவளுக்குத்தான் எல்லாம் தெரிந்தது. காத்தமுத்து ஒரு அப்பாவி. டிவியில் மொட்டைத்தலையன் ஒருத்தன் தாடிக்காரனைத் தலைக்கு மேலே தூக்கினால் இவன் இங்கே கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வான். "அய்யய்யோ, முதுகெலும்பு போச்சு" என்பான். அவளுக்குச் சிரிப்பு தாங்காது.

"முதுகெலும்பு போனவனா மறுவாரம் வந்து நிக்கிறான்? குத்துறவன் காலைப் பாருங்க. கை மூஞ்சில படுற நேரத்துல காலால பலகையில ஒரு மிதி மிதிக்கிறான். சத்தம் அங்கருந்து வருது."

"நீ போயி வெஞ்சனத்தைப் பாரு புள்ள" என்பான் காத்தமுத்து.

இரும்பு மடக்குச் சேரைத் தூக்கி முதுகில் அடிப்பார்கள். "தட்டையா அடிச்சா சத்தந்தான் பெருசு, வலி இருக்காது" என்று சொல்லுவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தாடிக்காரன் நெற்றியில் இருந்து ரத்தம் கொட்டியது. காத்தமுத்து வாயில் துண்டை வைத்துக்கொண்டான். அப்போதுதான் அவள் கரண்டியை நீட்டிக் காட்டினாள். "கையப் பாரு, கையப் பாரு. கீழ விழுந்தவன் கை நெத்திக்குப் போகுது பாத்தியா. விரலுக்குள்ள என்னமோ வச்சிருக்கான். இந்தா, இப்ப ரத்தம் வரும்." ஈஸ்வரன் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தான். "யக்கா, உனக்கு எப்பிடிக்கா இதெல்லாம் தெரியுது" என்று ஆச்சரியப்பட்டான். அவளுக்கு அன்றைக்கெல்லாம் பெருமையாக இருந்தது.

அம்புட்டும் பொய் என்று தெரிந்தும் அவள் அடி வாங்குகிறவன் பக்கம்தான் நிற்பாள். அதற்குக் காரணம் கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தாடிக்காரன் தவழ்ந்து கயிற்றைப் பிடிக்கப் போகையில் அவளை அறியாமல், "எந்திரிடா, எந்திரிடா" என்று வாய் முணுமுணுக்கும். அதையும் அந்தத் தம்பி கீழே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

அவளுடைய அப்பா செத்து இரண்டு வருஷம் ஆகிறது. நிலக்கோட்டைக்குப் பக்கத்தில் அவர் சம்பாதித்த மூன்று ஏக்கர் மல்லிகைத் தோட்டம், கிணற்றோடு அவர் பெயரிலேயே இருந்தது. அண்ணன் ஒச்சப்பன், அடுத்து அய்யம்மாள், கடைசி ஈஸ்வரன், ஆக மூன்று பங்கு. ஊர் வழக்கம் வேறு மாதிரி. கூடப் பிறந்தவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போவார்கள். அவள் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவாள். திரும்பி வருகிற வழியில் ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார்கள். அவளும் நாலு வீட்டில் போய் அந்தச் சேலையைக் காட்டிப் பெருமைப்படுவாள். அய்யம்மாள் மாட்டேன் என்றாள். "ஒரு சேலைக்கு ஒரு ஏக்கரைத் தூக்கிக் குடுக்குறதுக்கு நான் என்ன கூறுகெட்டவளா?" என்று அண்ணன் முகத்துக்கு நேரே கேட்டாள். இசைவாணி பிளஸ் டூ முடிக்கப் போகிறாள். நர்சிங் படிக்கவேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். தோல் ஷாப் சம்பளத்தில் அது நடக்கிற காரியமா? அந்த ஒரு ஏக்கரை விற்றால் நடக்கும். இரண்டு வருஷமாக அண்ணன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனான். அவள் அசையவில்லை.

பிறகுதான் அப்பாவின் திதி வந்தது. வாசலில் பந்தல் போட்டு, வாடகைக்கு எடுத்த இரும்புச் சேர்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடுகிற நேரத்தில் ஒச்சப்பன் ஆரம்பித்தான். பொட்டச்சிக்கு எதற்கு மண்ணு என்றான். ஈஸ்வரன் எழுந்து, "அக்கா பங்கைப் பத்திப் பேசுனா மரியாதை கெட்டுப்போகும்" என்றான். அக்கா பங்கு! பெற்ற மகனே பேசியதுபோல அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வார்த்தை தடித்தது. ஒச்சப்பன் ஒரு சேரை மடக்கித் தூக்கிவிட்டான். தம்பியைப் பந்தலுக்குப் பின்பக்கம் தள்ளிக்கொண்டே போனான். படுதாவுக்கு அந்தப் பக்கம் படார் என்று ஒரு சத்தம். இவள் சோற்றுக் கையோடு ஓடிப் போய்ப் பார்த்தால் ஈஸ்வரன் தரையில் கிடக்கிறான், நெற்றியைக் கையால் பொத்தியிருக்கிறான், விரல் சந்தெல்லாம் ரத்தம்.

அந்தக் காயத்தை அவள்தான் கழுவினாள். புருவத்துக்கு மேலே கோடு கிழித்ததுபோல ஒரு கீறல். வீக்கம் இல்லை. இரும்புச் சேர் பட்டால் புடைக்காதா என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த வேகத்தில் போனது. தன் முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். அவன் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "யக்கா, உன் பங்கும் என் பங்கும் சேந்தாத்தான் கெணறு நம்ம பக்கம் வரும். எம்பேருக்கு எழுதிக் குடு. அண்ணன் தொட முடியாது. இசை காலேஜுக்குப் போறப்ப நான் வித்துத் தாரேன்" என்றான்.

காத்தமுத்து அன்று இரண்டே வார்த்தைதான் பேசினான். "அடிபட்டவனுக்குச் சோறு எறங்காது புள்ள. உன் தம்பி ராத்திரி ரெண்டாவது தட்டு வாங்கித் திங்கிறான். செத்த பொறுத்துப் போடு கையெழுத்தை."

அவள் வெடித்துவிட்டாள். "டிவில எவனாச்சும் கீழ விழுந்தா இங்க கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு அழுகுற ஆளு நீங்க. உங்களுக்கு எது நெசம், எது பொய்யின்னு தெரியுமாக்கும்?"

மறுவாரம் அவள் பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்ததும் ஈஸ்வரன் ஜவுளிக் கடைக்குக் கூட்டிப்போய் அரக்குக் கலரில் ஒரு சேலை எடுத்துக் கொடுத்தான். எதுக்குடா இது என்றதற்கு, "ஆசையா எடுத்துத் தாரேன்க்கா" என்றான். இன்றைக்கு அவள் கட்டியிருப்பது அந்தச் சேலைதான். தம்பி பார்த்தால் சந்தோஷப்படுவான் என்று கட்டி வந்திருந்தாள்.

அப்பாவின் பழைய வீட்டில்தான் ஈஸ்வரன் தனியாக இருக்கிறான். வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டுத் திண்ணையில் பூக் கட்டிக்கொண்டிருந்த கமர்ஜஹான் நிமிர்ந்து பார்த்து, "உங்க தம்பி உங்க அண்ணன் வீட்ல இருப்பான் பாருங்க" என்றாள். மறுபடியும் கைகலப்போ என்னவோ. சூப்பு சிந்தினாலும் சிந்தட்டும் என்று தெருக்கோடிக்கு எட்டு வைத்து நடந்தாள். ஒச்சப்பன் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிச் செருப்பு ஒட்டினாற்போல் கிடந்தன. உள்ளே டிவி சத்தம். மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. சன்னலுக்கு வெளியே நின்றவளுக்கு முதலில் கேட்டது ஈஸ்வரனின் குரல்.

"அண்ணே, கையப் பாரு, கையப் பாரு. நெத்திக்குப் போகுது பாத்தியா. இந்தா, இப்ப ரத்தம் வரும்."

அவளுடைய சொல். அவள் இழுக்கிற மாதிரியே இழுத்துச் சொன்னான்.

ஒச்சப்பன் சிரித்தான். "இவன் சட்டுபுட்டுனு கீறிட்டாம்ப்பா. நீ அன்னைக்கு எம்புட்டு நேரம் எடுத்த? சேரைத் தரையில அடிச்சுப்புட்டு நான் எம்புட்டு நேரந்தேன் கத்திக்கிட்டு நிக்கிறது?"

"கை நடுங்கிருச்சுண்ணே" என்றான் ஈஸ்வரன். இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள்.

ஒச்சப்பன் பெண்டாட்டி புவனேஸ்வரி சோற்றுச் சட்டியோடு வந்தவள் சன்னலில் இவளைப் பார்த்துவிட்டாள். "அய்யம்மா... எப்ப வந்த" என்றாள். சிரிப்பு நின்றது. அய்யம்மாள் உள்ளே போனாள். ஒரே பாயில் இரண்டு இலை, நடுவில் கறிக்குழம்பு. ஈஸ்வரன் எச்சில் கையோடு எழுந்து நின்றான். நெற்றியில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு, அவ்வளவுதான்.

"யக்கா, வா. அண்ணன் சமாதானமாக் கூப்டுச்சு, அதான்..."

"பிளேடா, ஊக்கா?" என்று கேட்டாள்.

அவன் டிவியைப் பார்த்தான். ஒச்சப்பன்தான் பேசினான். கோபம் இல்லாமல், அவளுக்குப் புரியவைக்கிறவன் போலப் பேசினான்.

"இந்தா பாரு அய்யம்மா. நீ கேட்டவொடனே குடுத்திருந்தா எங்களுக்கு எதுக்கு இம்புட்டு மெனக்கேடு? கெணத்தோட இருக்குற மண்ணை நீ எவனுக்காச்சும் வித்துப்புடுவ. அப்பன் மண்ணு அப்பன் பேர்ல இருக்கட்டுமே."

"இசைக்கு ஜூன் மாசம் காலேஜு" என்றாள் அவள், ஈஸ்வரனிடம்.

"பாத்துக்கலாம்க்கா."

ஐந்து வருஷம் சோறு போட்ட தம்பி. அவனுக்கு உடம்பு சுட்டால் இவள் தூங்காமல் கிடந்த தம்பி. அந்தப் பிளேடை அவன் கையில் கொடுத்ததே இவள்தான், அடுப்படி நிலையில் நின்று, கரண்டியை நீட்டி. ஊரில் மற்றப் பெண்களாவது ஏமாறப்போகிறோம் என்று தெரிந்தே சேலையை வாங்கிக்கொண்டார்கள். அவளுக்குக் கட்டியிருக்கிற சேலை உடம்பெல்லாம் அரித்தது. நாலு வார்த்தை கேட்டு, மண்ணை வாரித் தூற்றிவிட்டு வரலாம் என்றுதான் நினைத்தாள். நெற்றியைப் பொத்திய கையையும் அந்தக் கீறலையும் கண்ணால் பார்த்தும் இந்தக் கூத்தைக் கண்டுபிடிக்கவில்லையே என்கிற வெட்கம் கோபத்தை எழவிடவில்லை.

அதற்குள் புவனேஸ்வரி அவள் கையில் இருந்து தூக்குவாளியை வாங்கிப் போயிருந்தாள். சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிவிட்டு, வாளியைக் கழுவித் திருப்பிக் கொண்டுவந்தாள். வெறும் பாத்திரமாகக் கொடுக்கக்கூடாது அல்லவா, வாளி நிறைய மல்லிகை மொட்டு போட்டிருந்தாள். "காலையில கெணத்துப் பக்கம் பறிச்சது" என்றாள். அய்யம்மாள் வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து காத்தமுத்துவிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் அன்றைக்கே சொன்னேனே என்று அவன் சொல்லுவான், அதைக் கேட்டு அழுதுவிடலாம் என்று காத்திருந்தாள். அவன் அதைச் சொல்லவில்லை. "கேஸு போட்டா என்ன" என்றான்.

"என்னன்னு போடுறது? அவனா நெத்தியக் கீறிக்கிட்டான், நான் ஏமாந்துட்டேன்னா?"

இசைவாணி வாளியைத் திறந்து பூவை முறத்தில் கொட்டினாள். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்து அவ்வளவு பூவையும் கட்டினாள். தலையில் வைத்துக்கொள்ளவில்லை. கட்டி முடித்து ஆணியில் தொங்கவிட்டாள், அது அங்கேயே கிடந்து வாடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு காத்தமுத்துதான் டிவியைப் போட்டான். வீட்டில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கட்டும் என்று போட்டிருப்பான். மொட்டைத்தலையனும் தாடிக்காரனும் இறங்கினார்கள். மடக்குச் சேர் வந்தது. தாடிக்காரன் குப்புற விழுந்தான். முடி மறைத்த முகத்துக்குக் கீழே அவன் கை மெதுவாக நகர்ந்து நெற்றிக்குப் போனது. அய்யம்மாள் கண்ணுக்கு அது தப்பவில்லை. காத்தமுத்து வழக்கம்போல, "பாவம், என்னா அடி" என்று சொல்லிவிட்டு, சொன்னது தப்போ என்று திரும்பி அடுப்படி நிலையைப் பார்த்தான். வாசல்படியில் இருந்த இசைவாணியும் பார்த்தாள்.

"ஆமா, பாவம்" என்றாள் அய்யம்மாள். "நெசமாத்தான் அடிக்கிறான்."

டிவியில் தாடிக்காரன் தலையைத் தூக்கினான். முகமெல்லாம் ரத்தமாக இருந்தது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, முன்பு ஈஸ்வரன் உட்காருகிற இடத்தில், கட்டில் காலில் சாய்ந்து உட்கார்ந்தாள். தாடிக்காரன் ஒவ்வொரு கயிறாகப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்துக்கொண்டிருந்தான்.