கோமாரிப் பெட்டியில் வந்த சீம்பால்

கிருபாசங்கர் பீளமேட்டில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். முந்நூறு அடிக்குக் கீழே சும்மா கிடக்கும் தண்ணீரைத் தொந்தரவு செய்து மேலே வரவழைப்பது அவன் பிழைப்பு. ஆகவே, தொண்ணூற்றேழாம் வருஷத்து மே மாதத்தில், அவன் மனைவி கயல்விழிக்கு ஒன்பதாம் மாதம் பாதி தாண்டியிருந்தபோது, டாக்டர் ரங்கநாயகி இருவரையும் உட்காரவைத்து, பிரசவத்துக்கு முன்னாலேயே சீம்பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து வைக்கச் சொன்னதும், அவன் தொழில்முறையில் ஒரு சந்தேகம் கேட்டான். இதற்குப் பம்பு ஏதாவது உண்டா என்றான்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கை போதும் என்றார்.

விஷயம் விளையாட்டில்லை. கயல்விழிக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை ஏறியிருந்தது. இப்படிப்பட்ட தாய்மாருடைய குழந்தைக்குப் பிறந்த கொஞ்ச நேரத்தில் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடுவதுண்டு. அந்த நேரத்தில் தாய்ப்பால் ஊறத் தாமதமானால் குழந்தையைத் தனி அறைக்குத் தூக்கிப்போய் ஊசி குத்த வேண்டிவரும். கையில் நாலு சிரிஞ்சு சீம்பால் இருந்தால் சமாளித்துவிடலாம். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் கயல்விழி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"பொறந்ததும் அது பசியில மயங்கிக் கெடக்கக் கூடாதுங்க. அவ்வளவுதான்."

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு மெல்லப் பிதுக்க வேண்டும் என்று டாக்டர் காட்டியிருந்தார். ஊசியில்லாத சிரிஞ்சைப் பிடித்தபடி எதிரே உட்கார்ந்திருந்த கிருபாசங்கர், ஆரம்பத்தில் பைப்பில் காற்று அடைத்திருக்கும், அது வெளியேறினால் சரியாகிவிடும் என்று தைரியம் சொன்னான். கயல்விழி அவனை ஹாலுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினாள்.

மூன்றாம் நாள் அவளே கூப்பிட்டாள். ஒரு சொட்டு. நல்லெண்ணெய் நிறத்தில், விழலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றது. அதைச் சிரிஞ்சுக்குள் உறிஞ்சி எடுத்தபோது, நாலு இடத்தில் போர் போட்டு ஏமாந்து ஐந்தாவதில் தண்ணீர் கண்டவன் முகம் கிருபாசங்கருக்கு வந்திருந்தது. ஒரு வாரத்தில் பிரிட்ஜின் ஐஸ் அறையில் மூன்று சிரிஞ்சுகள் தேதி ஒட்டிப் படுத்திருந்தன.

அப்போதுதான் அன்னூரிலிருந்து அவனுடைய பெற்றோர் வந்து இறங்கினார்கள். கயல்விழியின் அம்மா வீடு ஆனைமலையில். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று டாக்டர் தடுத்திருந்ததால், பிரசவத்துக்கு ஒத்தாசையாக மாமியார் சின்னாத்தாளும் மாமனார் சென்னிமலையும் வந்திருந்தார்கள். சென்னிமலை எருமையும் மாடுமாக ஆயுசில் பாதியைத் தொழுவத்தில் கழித்தவர். ஐஸ் தண்ணீருக்காக பிரிட்ஜைத் திறந்தவர் சிரிஞ்சுகளைப் பார்த்தார். விசாரித்தார். தெரிந்துகொண்டார். நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

மருமகளிடம் இந்தச் சமாச்சாரத்தைப் பேசுவது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. ஆகவே அவர் சின்னாத்தாளிடம் சொல்ல, சின்னாத்தாள் மகனிடம் சொல்ல, மகன் மனைவியிடம் சொன்னான். நால்வரும் ஒரே ஹாலில்தான் இருந்தார்கள். கயல்விழி இரண்டு முழம் தள்ளி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, கன்னுப் போடறதுக்கு முன்னால எவனாவது மாட்டுல கறப்பானா? கேட்டுச் சொல்லு."

சின்னாத்தாள் கேட்டாள். கிருபாசங்கர் கேட்டான். கயல்விழி கீரையிலிருந்து தலையெடுக்காமல், நான் மாடு இல்லீங்கன்னு சொல்லுங்க என்றாள். அது அதே வழியில் திரும்பிப் போனது. சென்னிமலை, அது வாஸ்தவந்தான், ஆனாலும் சூட்சுமம் ஒன்றுதானே என்று சொல்லி அனுப்பினார். முன்னால் கறந்துபோட்டால் பிள்ளைக்கு வேண்டும்போது மடி வற்றிப்போகும் என்பது அவர் கட்சி. சின்னாத்தாளுக்கும் மனசு ஆட்டம் கண்டது. அன்று சாயங்காலம் கயல்விழி சிரிஞ்சை எடுக்காமல் கட்டிலில் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாமா சொல்வதுபோல ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கணவனைக் கேட்டாள்.  கிருபாசங்கர் படித்த பாடத்தில் வற்றுவது கிணறு மட்டும்தான்.

மறுநாள் காலை சென்னிமலை, பெரிய டாக்டர் ஒருத்தரைக் கேட்டுவிடலாம் என்று மகனையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார். அன்னூரில் இறங்கியபோதுதான் அந்தப் பெரிய டாக்டர் மாட்டாஸ்பத்திரியில் இருக்கிறார் என்பது மகனுக்குப் புரிந்தது. டாக்டர் சுந்தரராஜுலு ஒரு எருமைக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டிருந்தார். சென்னிமலை ஒளிவுமறைவில்லாமல், கேஸ் மாடு இல்லை, மருமகள் என்று சொல்லிவிட்டார்.

எருமைக்குள்ளிருந்த கை சற்று நின்றது. பிறகு, அது தன்னுடைய டிபார்ட்மென்ட் இல்லையே என்று டாக்டர் பணிவாகச் சொன்னார். சென்னிமலையும் அதே பணிவோடு, தெரிந்தவரைக்கும் சொன்னால் போதும் என்றார். கிருபாசங்கர் சுவரில் ஒட்டியிருந்த மாட்டின் நாலு வயிற்றுப் படத்தை அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தான்.

சுந்தரராஜுலு கை கழுவிவிட்டு வந்தார். மனுசருக்கு மனுச டாக்டர் சொன்னதைத்தான் கேட்க வேண்டும் என்றார். அதோடு விடாமல், மருந்து வைக்கும் பழைய பிரிட்ஜைத் திறந்து, மேல் அறையிலிருந்து ஐஸ் பூத்த பாட்டில் ஒன்றை எடுத்துக் காட்டினார்.

"இது என்னன்னு நெனைக்கறீங்க? தாய் செத்துப்போன கன்னுக்குட்டிக்குன்னு எடுத்து வெச்ச சீம்பாலுங்க. முன்னால கறக்க வேண்டாங்கறது எதுக்கு? கன்னுக்குப் போக வேண்டியது மண்ணுக்குப் போயிரும்னுதான். உங்க மருமகப்புள்ள அதைக் கீழயா ஊத்துது? கன்னுக்குத்தானுங்களே எடுத்து வெக்குது."

சென்னிமலை பாட்டிலையே பார்த்தார். பிறந்த கன்றை ஒரு மணி நேரத்துக்குள் காம்பில் விடாத பண்ணையத்து ஆளை அவர் அறைந்த கதை அன்னூரில் எல்லோருக்கும் தெரியும்.  திரும்பி வரும் பஸ்ஸில் அவர் மடியில் ஒரு பெட்டி இருந்தது. சும்மாதான் கிடக்குது, எடுத்துட்டுப் போங்க என்று டாக்டர் கொடுத்த ஐஸ் பெட்டி. அதன் பக்கவாட்டில் ஒரு மாட்டுத் தலை. கீழே கொட்டை எழுத்தில் 'கோமாரித் தடுப்பூசி'.

அன்றிலிருந்து பிரிட்ஜ் அவருடைய ஆளுகைக்குள் போனது. ஐஸ் அறையில் காற்றோட்டம் வேண்டும் என்று சொல்லிக் குச்சி ஐஸ் அச்சு வெளியேற்றப்பட்டது. கதவை அடிக்கடி திறப்பது தடை செய்யப்பட்டது. மோர் வேண்டும் என்றால் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. கரண்ட் போனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஐஸ் கம்பெனிக்கு நடந்தார். எடுக்க எடுக்க ஊறும் என்று டாக்டர் ரங்கநாயகி சொல்லியிருந்தது கயல்விழிக்கு இப்போது நம்பும்படியாக இருந்தது. சிரிஞ்சுகள் கூடின. புதிதாக ஒன்று ஐஸ் அறைக்குள் போகும்போதெல்லாம், மருமகள் நன்றாகச் சாப்பிடுகிறாளா என்ற கேள்வி இரண்டு பேர் கைமாறி வந்து சேர்ந்தது.

பிரசவம் ஆபரேஷனாகத்தான் ஆனது. பெண் குழந்தை. குதிகாலில் குத்தி ரத்தம் பார்த்த நர்ஸ், சர்க்கரை குறைவாக இருக்கிறது என்றாள். கயல்விழி அரை மயக்கத்தில் கிடந்தாள். பால் எங்கே என்று நர்ஸ் கேட்டபோது, கிருபாசங்கர் படியிறங்கி ஓடினான். கீழே வாசலில் சென்னிமலையை வாட்ச்மேன் நிறுத்தி வைத்திருந்தான். இது மனுசங்க ஆஸ்பத்திரி என்று அவன் பெட்டியைக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தான்.

"தெரியுமுங்க. உள்ளார இருக்கறது மனுசப் பாலுதானுங்க. வழிய உடுங்க சாமி."

பெட்டி மேலே வந்ததும் நர்ஸ் ஒரு சிரிஞ்சை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தாள். உள்ளங்கையில் பொத்திக் கரைய வையுங்கள் என்றாள். காய்ப்பேறிய இரண்டு கைக்குள்ளும் சிரிஞ்சை வைத்துக்கொண்டு, மூச்சை அடக்கியதுபோல அவர் நின்றார். கரைந்ததும் நர்ஸ் வாங்கிக் குழந்தையின் கன்னத்தோரம் சொட்டுச் சொட்டாக விட்டாள். முதல் சொட்டுக்கு முகம் சுளித்தது. இரண்டாவதுக்கு நாக்கை நீட்டியது. மூன்றாவது தாமதமானதும் கத்தியது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி குத்திப் பார்த்த நர்ஸ், ஏறிவிட்டது, தாயிடமே விட்டுவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கயல்விழி கண் திறந்தபோது முதலில் தெரிந்தது கட்டிலோரம் இருந்த மாட்டுத் தலை. அதற்கு மேலே மாமனார் தலை. சின்னாத்தாள் பக்கத்திலேயே இருந்தாள். கிருபாசங்கரும் தயாராக நின்றான். சென்னிமலை அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்லாக் குடிச்சுதுங்க, அம்மணி. பசியே இல்ல."

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. சட்டென்று சின்னாத்தாள் பக்கம் திரும்பி, பெட்டியை டாக்டரிடம் திருப்பிக் கொடுக்கப் போவதாகச் சொல்லச் சொன்னார்.

சின்னாத்தாள் வாயைத் திறப்பதற்குள் கயல்விழி சொல்லிவிட்டாள்.

"இருக்கட்டுங்க மாமா. உள்ள இன்னும் நாலு சிரிஞ்சு இருக்குதுங்களே."