கூப்பருக்கு உப்பு ஆகாது

சோற்றில் முடி, தண்ணீர்க் குடத்தில் முடி, என் மகள் சினேகாவின் பள்ளிக்கூடச் சீருடையில் முடி. காலையில் கூட்டி அள்ளினால் ஒரு முறம் வருகிறது. அள்ளிக் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், கூட்டவே இல்லாத மாதிரி மறுபடியும் கிடக்கிறது. தங்க நிற முடி என்று பிரீத்திகா பாப்பா சொல்லும். எனக்குத் தங்கத்தைப் பற்றி அதிகம் தெரியாது. முடியைப் பற்றி இந்த எட்டு மாதத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது.

கூப்பர் எங்கள் நாய் இல்லை. என் வீட்டுக்காரர் முனியராஜ் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் முதலாளி ராஜபாண்டியனின் மகள்தான் பிரீத்திகா. பாப்பா காலேஜ் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கிய கோல்டன் ரிட்ரீவர்தான் கூப்பர். படிப்பு முடிந்ததும் பெங்களூரில் வேலை கிடைத்தது, அங்கே குடியிருந்த வீட்டில் நாய் வைத்துக்கொள்ள விடவில்லை. சிவகாசி வீட்டில் முதலாளியம்மாவுக்குப் பூஜை அறையில் முடி கிடந்தால் ஆகாது. அதனால் மாசி மாதம் ஒரு நாள் கம்பெனி காரில் எங்கள் தாயில்பட்டி வீட்டு வாசலில் வந்து இறங்கியது. கூடவே ஒரு மூட்டைத் தீனி, ஒரு சீப்பு, ஒரு ஷாம்பு, பிரீத்திகா கைப்பட எழுதிய மூன்று பக்கக் காகிதம்.

கொஞ்ச நாள் வைத்துக்கொள், உன் வீட்டில் இடம் இருக்கிறதல்லவா என்று முதலாளி கேட்டாராம். எங்கள் வீடு ஒரு அறையும் ஒரு அடுப்படியும். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இவர் சரிங்க மொதலாளி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். வேறு என்ன சொல்ல முடியும்?

அந்த மூன்று பக்கத்தையும் சினேகாதான் வாசித்துக் காட்டினாள். தினமும் முடி சீவிவிட வேண்டும். காது மடங்கி இருப்பதால் உள்ளே சீழ் பிடிக்கும், வாரம் ஒரு தடவை துடைக்க வேண்டும். காலையும் மாலையும் நடக்கக் கூட்டிப்போக வேண்டும். வெயில் படக் கூடாது. தனியாக விட்டால் ஏங்கிவிடும். கோழியை வேகவைத்துக் கொடுக்கலாம், ஆனால் கூப்பருக்கு உப்பு ஆகாது. இந்தக் கடைசி வரிக்கு அடியில் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருந்தது.

நான் அப்போது தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். இரண்டு நாள் அதை வீட்டுக்குள் விட்டுப் பூட்டிவிட்டுப் போனேன். அது ஊளையிட்டதில் தெருவே வந்து என்னைத் திட்டியது. சரியென்று வேலையை விட்டுவிட்டு, காலி அட்டைப் பெட்டி ஒட்டுகிற வேலையை வீட்டுக்கே வாங்கி வந்தேன். ஒட்டிய பெட்டியில் எல்லாம் பசையோடு முடியும் சேர்ந்து ஒட்டியது. ஏஜெண்ட் ஒரு கட்டு முழுவதையும் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட்டு, பாண்டிச்செல்வி, இது பெட்டியா பூனையா என்று கேட்டுவிட்டுப் போனார்.

வெயில் இருக்கிறதே, அது எங்கள் ஊரில் கேட்டு வருவதில்லை. வீட்டில் இருந்த ஒரே மேசை விசிறி கூப்பருக்குப் போனது. தரையில் சாக்கை நனைத்து விரித்து அதைப் படுக்கவைத்துவிட்டு, நானும் சினேகாவும் என் புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டோம். பக்கத்துக் கம்பெனியில் எங்காவது ஒரு வெடியைக் கொளுத்திப் பார்த்தால் போதும், கட்டிலுக்கு அடியில் புகுந்து நடுங்கும். அரை நாளைக்கு வெளியே வராது. காவலுக்காவது உதவுமா என்றால் அதுவும் இல்லை. திருடன் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு பீரோவைக் காட்டிக் கொடுக்கும். எல்லாரும் அதற்கு மாமன் மச்சான்தான்.

எல்லாரையும்விட இவர்மேல் அதற்கு உயிர். இவருக்குக் கம்பெனியில் மருந்து கலக்குகிற வேலை. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பொடி எல்லாவற்றையும் சலித்துக் கலக்க வேண்டும். பதினெட்டு வருடமாக அதே அறை. சாயங்காலம் வரும்போது முடியிலிருந்து கால்நகம் வரை வெள்ளி பூசின மாதிரி வருவார். குளிக்காமல் யாரையும் தொட மாட்டார். சினேகா தவழ்ந்த காலத்தில்கூட, அப்பா என்று அது கையை நீட்டினால் இவர் இரண்டு அடி பின்னால் போவார். குளித்து முடிக்கும்வரை இந்த வீட்டில் யாரும் இவர் பக்கத்தில் போனதில்லை.

கூப்பருக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. ஐந்தரை மணிக்குத் தெருமுனைக்கு ஓடும். இவர்மேல் இரண்டு காலையும் தூக்கிவைத்து, கை இரண்டையும் நக்கித் தீர்க்கும். முதலில் இவர் தள்ளித்தான் பார்த்தார். அது விடவில்லை. பிறகு தெருமுனையிலேயே நின்று கையைக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார். நானும் அதைப் பார்த்துச் சிரித்தேன், மறைக்கவில்லை. வேலை முடிந்து வருகிற ஆளை அப்படியே வந்து கட்டிக்கொள்ள ஒரு உயிர் இருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. சோற்றில் உப்புப் போடாமல் அவ்வளவு கவனமாக இருந்தவளுக்கு, அந்தக் கையில் இருந்தது என்னவென்று தோன்றவில்லை.

ஆடி மாதம் அது வாந்தி எடுத்தது. மறுநாள் பின்னங்கால் இரண்டும் இழுத்துக்கொண்டன, எழுந்து நிற்க முடியவில்லை. எனக்கு நாயைவிட முதலாளி பயம்தான் பெரிதாக இருந்தது. இவரைப் பாதி வேலையில் கூப்பிட்டுவிட்டு, ஒரு லோடு ஆட்டோவில் போட்டு விருதுநகருக்கு ஒரு நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம்.

டாக்டர் என்ன சாப்பிட்டது என்று கேட்டார். எல்லாம் சொன்னேன். வேறு எதையாவது நக்கியதா என்று கேட்டார். இவர் இரண்டு கையையும் மேசைமேல் வைத்தார். நகக்கண்ணில் வெள்ளி, உள்ளங்கையில் வெடிப்பு வெடிப்பாக மஞ்சள். டாக்டர் குனிந்து பார்த்தார்.

"இந்தக் கை நாய் வாய்ப் பக்கமே போகக் கூடாது. இதுல இருக்கிறது அம்புட்டும் விஷம். தினமும் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போனா ஈரலும் கிட்னியும் கெட்டுப்போகும்."

"இந்தக் கையாலதான் சார் இவுக பதினெட்டு வருசமா மத்தியானச் சோறு சாப்பிடுறாக" என்றேன் நான்.

டாக்டர் பேனாவை மூடினார். நான் மிருக டாக்டர்மா, இவரைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்க என்றார். இவர் நாயின் காதைத் தடவப் போனவர், பாதியில் கையை இழுத்துக்கொண்டார். நாய்க்கு ஊசி போட்டு, மருந்து எழுதி, ஒரு அட்டையும் கொடுத்தார்கள். அதில் வயது நான்கு என்று போட்டிருந்தது. கூப்பர் நான்கு நாளில் எழுந்து நடந்தது.

பிரீத்திகா ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னேன். அழுதது. மறுநாளே போன் செய்து, அப்பாவிடம் பேசிவிட்டேன், இனி முனியராஜ் அண்ணனுக்கு பேக்கிங் ஷெட்டில்தான் வேலை, அந்தக் கெமிக்கல் கூப்பர் பக்கத்தில் வரவே கூடாது என்றது.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்தேன். இதே இடமாற்றத்தைக் கேட்டு நான் இரண்டு தடவை கம்பெனி வாசலில் நின்றிருக்கிறேன். முதல் தடவை, இவர் இருமி இருமி ரத்தம் வந்தபோது. இரண்டாவது தடவை, இவரோடு ஒன்றாக வேலை பழகிய மணிமுத்து வேறொரு கம்பெனியில் மருந்து அறை வெடித்து அதோடு போனபோது. மணிமுத்துவின் பெண்சாதிக்குக் காட்ட முகம்கூட மிஞ்சவில்லை. இரண்டு தடவையும் போர்மேன் தங்கப்பாண்டியன் ஒரே பதிலைத்தான் சொன்னார். மருந்துக் கை எல்லாருக்கும் வராது, முனியராஜுக்கு வந்திருக்கிறது, அதைக் கெடுக்காதே என்றார். இப்போது ஒரே போனில் முடிந்துவிட்டது. இந்த நாயைக் கும்பிடுவதா, வெளக்கமாற்றால் அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. சந்தோஷப்பட்டேன், அவமானமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

பேக்கிங்கில் கூலி கொஞ்சம் குறைவுதான். ஆனால் இவர் போட்டுப் போன சட்டையோடு அதே நிறத்தில் திரும்பி வந்தார். ஒரு மாதத்தில் இருமல் பாதியாகக் குறைந்தது. சினேகா கணக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே ஓடினாள். கூப்பர் பழையபடி கையை நக்கியது, இவரும் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் நாய் வளர்த்த வளர்ப்பு இருக்கிறதே! விடியுமுன் எழுந்து கண்மாய்க்கரையில் நடத்தினேன். காதைத் துடைத்தேன், பல்லைத் தேய்த்தேன், முள்ளெலும்பு இல்லாமல் கோழியைப் பிய்த்துப் போட்டேன். அதற்கு ஒரு தும்மல் வந்தால் ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் பாண்டிச்செல்விக்கு நாய்ப் பாசம் முற்றிவிட்டது என்றார்கள். பாசம் எல்லாம் இல்லை. முழங்கால் வலி, இடுப்பு வலி, தூக்கம் கெட்டதுதான் மிச்சம். அது நன்றாக இருக்கும்வரை இவர் நன்றாக இருப்பார், அவ்வளவுதான் கணக்கு.

புரட்டாசியில் பிரீத்திகா போன் செய்தது. பெங்களூரில் வேறு வீடு பார்த்துவிட்டதாம், கீழ்வீடு, தோட்டம் இருக்கிறதாம். ஆயுதபூஜை லீவுக்கு வந்து கூப்பரைக் கூட்டிப்போகிறேன் என்றது. நல்லதுங்க பாப்பா என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் இவர் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தேன். இவர் முந்திக்கொண்டார். போர்மேன் கூப்பிட்டுச் சொன்னாராம், தீபாவளி ஆர்டருக்கு மருந்துக் கை போதவில்லை, நாய்தான் போகப்போகிறதே, ஆயுதபூஜை முடிந்து வருகிற திங்கட்கிழமை பழைய அறைக்கு வந்துவிடு என்று. சொல்லிவிட்டு இவர் சாப்பிட உட்கார்ந்தார். கையைக் கழுவினவர், மறுபடியும் எழுந்துபோய் இன்னொரு தடவை கழுவிவிட்டு வந்தார்.

ஆயுதபூஜைக்கு மறுநாள் காலை கார் வந்தது. பிரீத்திகாவைக் கண்டதும் கூப்பர் தரையில் புரண்டது, அழுதது, சுற்றிச் சுற்றி ஓடி என் பசைச் சட்டியைக் கவிழ்த்தது. பிரீத்திகா அதைக் கட்டிக்கொண்டு, எப்படிப் பளபளவென்று வைத்திருக்கிறீர்கள் அக்கா என்றது. நான் நான்கைந்து பொய் தயாராக வைத்திருந்தேன். பயணம் ஒத்துக்காது, காலில் இன்னும் வலி இருக்கிறது, டாக்டர் ஆறு மாதம் அசைக்கக் கூடாது என்றார். பாப்பா கழுத்துப் பட்டையை மாட்டும்போது, அதையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதையே சொன்னேன்.

"பாப்பா, இது போயிருச்சுன்னா இவுக மறுபடி மருந்து ரூமுக்குப் போகணும்."

"அது எதுக்குக்கா? அப்பாதான் மாத்திட்டாங்களே."

"இதுக்காகத்தான மாத்துனாக. இது இல்லைன்னா இவுகளை யாரு பாக்கப் போறா?"

பிரீத்திகா என்னைப் பார்த்தது, கூப்பரைப் பார்த்தது. பிறகு போனை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனது. பத்து நிமிடம் பேசியிருக்கும். முதலில் குரல் பெரிதாகக் கேட்டது, போகப் போகச் சின்னதாகி நின்றுபோனது. திரும்பி வந்தபோது மூக்கு சிவந்திருந்தது. ஒருத்தருக்கு மாற்றினால் நாளைக்குப் பத்துப் பேர் வந்து நிற்பார்கள், சீசன் நேரத்தில் இதில் தலையிடாதே என்று அப்பா சொல்லிவிட்டாராம். அப்படியே தரையில் உட்கார்ந்து, கூப்பரின் தலையை மடியில் வைத்துக்கொண்டது. வெளியே டிரைவர் இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டார்.

"கூப்பர் இங்கயே இருக்கட்டும்க்கா" என்றது கடைசியில். "எனக்கு அங்க வச்சுக்க முடியாதுன்னு அப்பாகிட்ட சொல்லிர்றேன். இது இருக்கிறவரைக்கும் அண்ணன் பேக்கிங்லயே இருக்கட்டும்."

பட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் காரில் ஏறியது. கூப்பர் காருக்குப் பின்னால் கண்மாய்வரை ஓடிவிட்டு, நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு தனியாக வந்தது. அந்தப் பிள்ளைமேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குப் போய்விட்டது. அதனால் முடிந்தது அவ்வளவுதான், அதை அது செய்துவிட்டது.

ஐந்தரை மணிக்கு இவர் தெருமுனைக்கு வந்தார். கூப்பர் ஓடியது. தூரத்தில் அதைப் பார்த்ததும் இவர் அப்படியே நின்றுவிட்டார், கை இரண்டும் தானாக முன்னால் வந்தன. வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னேன். இவர் அந்த நாய் ஆஸ்பத்திரி அட்டையைக் கேட்டு வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சாதி நாய் எம்புட்டு வருசம் இருக்கும்?"

நன்றாகப் பார்த்துக்கொண்டால் பன்னிரண்டு என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னேன். இவர் விரலை மடக்கினார். நாய்க்கு இன்னும் எட்டு வருடம். இவருக்கு இப்போது நாற்பத்தாறு, வேலையை விட்டு வெளியே வர இன்னும் பன்னிரண்டு. நான்கு வருடம் குறைகிறது. நான்கு விரலைத் தனியாக நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்குள்ள இன்னொரு குட்டி வாங்கித் தரச் சொல்லு பாப்பாவ" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். இருமாமல் சிரித்து முடித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சீப்பை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். கூப்பர் வந்து தலையை என் மடியில் போட்டது, எப்போதும் தள்ளிவிடுவேன், அன்றைக்குத் தள்ளவில்லை.

"ஏலே, நீ சாகக் கூடாதுலே" என்றேன்.

அது என் கையையும் நக்கியது. எழுந்து போய்க் கோழியை அடுப்பில் வைத்தேன், உப்புப் போடாமல்.