பதினோராவது கட்டம்

"வீட்டுல உன்கூட யாருமே பேச மாட்டாங்களாம்மா?" என்று என்னைக் கேட்டாள், நாலாம் வகுப்பில், இருபத்தெட்டுப் பிள்ளைகளுக்கு நடுவில், தேன் தடவிய குரலில்... அதே குரல்தான் இப்போது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று "இருபத்து நாலு ஜெராக்ஸ் காப்பி, கறுப்படிச்சிடாம பாத்துக்கம்மா" என்கிறது. கோரினா டீச்சர். அன்று ஆசிரியப் பயிற்சிக்கு வந்த மாணவி, இன்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு மதிப்பெண் போடுகிறவள். என்னைத் தெரியவில்லை, எப்படித் தெரியும், எட்டு வருஷத்தில் எத்தனை பேரைப் பார்த்துத் தலையைச் சாய்த்துச் சிரித்திருப்பாள், ஜெராக்ஸ் கடைப் பெண்ணின் முகத்தை யார் பார்க்கிறார்கள், கையைத்தான் பார்ப்பார்கள், காகிதம் வாங்குகிற கை, காகிதம் கொடுக்கிற கை. மெஷின் கிழடு, தாளுக்குப் பத்து வினாடி, ஆக நாலு நிமிடம் அவளும் நானும் ஒரே காற்றைச் சுவாசிக்க வேண்டும், சுவாசிப்போம்.

அவள் கேட்டதில் பொய் இல்லை, அதுதான் கொடுமை. அம்மா இத்தாலிக்கு வேலைக்குப் போய் யாரோ ஒரு கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், ஞாயிறு மட்டும் போன், அப்பா லாரியில், வந்தால் தூக்கம். ஆமாம் என்று சொல்லவா, இல்லை என்று பொய் சொல்லவா, பத்து வயதில் எதைச் சொல்வது... வாய் திறக்கவில்லை, பின்னாலிருந்து கோஸ்தெல் சொன்னான், "அவ சுவத்துகிட்ட பேசுவா டீச்சர்." வகுப்பே சிரித்தது, அன்றிலிருந்து என் பெயர் ஸ்மரந்தா இல்லை, சுவர். ஒன்பதாம் வகுப்பு வரை சுவர், "சுவரு, கொஞ்சம் தள்ளு", "சுவருக்குக் காது இருக்கு, வாய்தான் இல்ல", பிறகு ஒரு திங்கட்கிழமை போகவில்லை, செவ்வாயும் போகவில்லை, அப்பா தூங்கி எழுந்து கேட்பதற்குள் ஒரு மாதம் ஓடியிருந்தது. அன்று வகுப்பு சிரித்தபோது கோரினா டீச்சர் என்னைப் பார்க்கவில்லை, என் தலைக்கு மேலே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு மதிப்பீட்டாளர்களைப் பார்த்தாள். அது ஏன் என்று வெகுநாள் புரியவில்லை. இந்தக் கடைக்கு வேலைக்கு வந்த பிறகுதான், எதிரே இருக்கும் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் மதிப்பீட்டுத் தாளை மூட்டை மூட்டையாக நகல் எடுத்த பிறகுதான்... முதல் கட்டம் உடை, இரண்டாவது நேரம் தவறாமை, ஐந்தாவது குரல், பதினோராவது 'கூச்சமுள்ள மாணவரிடம் தனிக் கவனம்'. பாடம் முடிய இரண்டு நிமிடம் இருந்திருக்கும், பதினோராவது கட்டம் மட்டும் காலியாக இருந்திருக்கும், கண்ணில் நான் பட்டிருப்பேன்.

ஆறு, ஏழு, எட்டு... எட்டாவது தாள் கொஞ்சம் கோணல், பரவாயில்லை. அங்கிருந்து வரும் பயிற்சி மாணவிகள் எல்லோரும் ஒரே அச்சு. வெள்ளைச் சட்டை, இறுக்கிக் கட்டிய கூந்தல், நகப்பூச்சு கூடாது என்று தாளில் இருப்பதால் என் கவுண்டரில் நின்று அழிப்பார்கள், அந்த வாடையோடு 'குழந்தைகளை நேசிக்கிறேன்' என்று முப்பது பக்கம் நகல். "அந்தக் கடங்காரக் குரங்கு இன்னிக்கு லீவுடி, தப்பிச்சேன்" என்று வகுப்புப் பிள்ளையைச் சொல்லிக்கொண்டே சூரியகாந்தி விதைத் தோலைத் தரையில் துப்புவார்கள், பொறுமை பத்துக்குப் பத்து. இதெல்லாம் போதாதென்று குறிப்பேடு வேறு, தினமும் ஒரு பக்கம், 'இன்று நான் செய்த ஒரு தவறு, அதிலிருந்து கற்றது'. எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கிறது, வாயும் இல்லை, அவர்களுக்கு எழுதிக் கொடுக்க இதைவிட வேறென்ன தகுதி வேண்டும்... போன வாரம் லவினியா வந்தாள், அவர்களிலேயே பெரிய சோம்பேறி, "ஸ்மரா செல்லம், நாளைக்கு நான் எடுக்கப்போற பாடத்துக்கு இன்னிக்கே வருத்தப்பட்டு எழுதிக் குடுத்துடேன். தப்பு சின்னதா இருக்கணும், ஆனா டீச்சருக்குக் கண்ணுல தண்ணி வரணும்." யாருக்கு என்று கேட்டேன். "கோரினா டீச்சருக்குத்தான், வேற யாரு."

எழுதினேன். என் நோட்டுகளில் எழுதுவதை யாருக்கும் காட்டியதில்லை, பதினொரு நோட்டு மெத்தைக்கு அடியில் இருக்கிறது, ஆனால் அன்று அதிலிருந்து அந்த நாளை உருவி டீச்சரே சொல்வதுபோலத் திருப்பி எழுதினேன், 'நான் ஒரு கூச்சக்காரச் சிறுமியிடம் இப்படிக் கேட்டேன்' என்று. அந்தக் கேள்வி, வார்த்தை மாறாமல். சுவர் என்ற பதில், அதுவும் மாறாமல். வாசிக்கட்டும், வாசித்து நடுங்கட்டும் என்றுதான்... லவினியா வாசித்துக்கூடப் பார்க்கவில்லை, கோரினா டீச்சர் வாசித்தாள், மேலே சிவப்பு மையில் 'மிக நேர்மையான சுயவிமர்சனம், 10' என்று போட்டிருக்கிறாள், அந்தச் சிவப்பும் சேர்ந்துதான் இப்போது கறுப்பாக நகலாகிக்கொண்டிருக்கிறது. தன் முகத்துக்கே பத்து மதிப்பெண். இவளைப் போய் எட்டு வருஷமாகத் தூக்கிச் சுமந்தேனே.

பதினெட்டு, பத்தொன்பது... ஒரு வரி மட்டும் உறுத்துகிறது, 'என் கை வியர்த்து சாக்பீஸ் இரண்டு முறை நழுவியது' என்று எழுதியிருக்கிறேன், அதை யார் எனக்குச் சொன்னார்கள், யாரும் சொல்லவில்லை, கதைக்காகப் போட்டதும் இல்லை, அன்று அவள் கையிலிருந்து நழுவியது, நான் பார்த்தேன், ஜன்னல் பக்கம் இரண்டாவது பெஞ்சிலிருந்து பார்த்தேன், பார்த்ததை இத்தனை வருஷம் நோட்டில் எங்கும் எழுதாமல் விட்டிருக்கிறேன்... ஏன் விட்டேன்?

"நல்லா எழுதியிருக்கா இல்ல?" என்கிறாள் அவள், சும்மா பேச்சுக்காக. "லவினியான்னு ஒரு பொண்ணு. வர்ற பேட்ச் பிள்ளைங்களுக்கு மாதிரியா குடுக்கப் போறேன். மனசு தொறந்து எழுதுறதுன்னா இதான்."

மெஷின் நின்றது. தாள்களைத் தட்டிச் சேர்த்து வைத்தேன், சரி டீச்சர் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன்.

"கடைசியில அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்புக் கேட்டதா ஒரு வரி வருதில்ல டீச்சர், அது மட்டும் பொய். எழுதினவ நான், அதை நானா சேத்தேன். மத்ததெல்லாம் நடந்தது. உங்க வகுப்புல, நாலாம் கிளாஸ்ல."

மறுப்பாள் என்றால் அதற்கு ஒரு பதில் வைத்திருந்தேன், அழுதால் ஒன்று, கோபப்பட்டால் ஒன்று, மூன்றும் பல வருஷமாகத் தீட்டித் தீட்டி வைத்தவை. அவள் எதுவும் செய்யவில்லை, நின்றாள், கழுத்தில் சிவப்பு ஏறியது, எதையாவது சொல்லித் தொலையேன் என்று எனக்கு இருந்தது... பதில் சொல்லாமல் நிற்கிற ஒருத்தி எதிராளியை இவ்வளவு பயமுறுத்துவாளா?

அசல் தாளை மட்டும் எடுத்து நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். சூடு ஆறாத இருபத்து நாலையும் கவுண்டரிலேயே விட்டுவிட்டுக் கதவைத் திறந்து போனாள்.