மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

மூக்குக்கண்ணாடிக் கடையில் சட்டங்களுக்குத் திருகு முடுக்குகிற மனிதர் அவர். மனைவி போன வருஷம் ஆஸ்பத்திரியில் இறந்ததிலிருந்து அவருக்கு எதுவும் உறைப்பதில்லை. சாப்பாட்டில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வார். அழுகை வந்தாலாவது தேவலை, அதுவும் வந்து தொலையவில்லை. பன்னிரண்டு வயது மகளோ அவரைவிட அழுத்தம். அப்பாவும் பெண்ணும் ஒரே வீட்டில் இரண்டு குடித்தனக்காரர்கள் மாதிரி இருந்தார்கள்.

இப்படி இருக்கையில்தான் பள்ளிக்கூடத்தில் ரோபோ போட்டிக்கு அணி சேர்த்தார்கள். நாலு பிள்ளைகள், ஒரு கணக்கு டீச்சர். மகள் பேர் கொடுத்துவிட்டு வந்து, சின்னத் திருகு முடுக்கக் கற்றுத்தர ஆள் வேண்டும், வருவாயா என்று கேட்டாள். பல மாதத்தில் அவள் அவரிடம் கேட்ட முதல் கேள்வி. விடுவாரா மனுஷன்? சாயங்காலம் கடை மூடினதும் நேரே பள்ளிக்கூடம்தான். எள் என்றால் எண்ணெயாக நின்றார். பிள்ளைகள் ஸ்க்ரூ மாமா என்று பேரே வைத்துவிட்டார்கள். வீடு திரும்புகிற வழியெல்லாம் மோட்டார், சென்சார், பேட்டரி என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டே வருவார்கள். மற்றபடி பேச்சு கிடையாது. போட்டி முடிந்தால் இதுவும் போய்விடுமே என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே கவலை. ஜெயித்தால் அடுத்த சுற்று உண்டு, இன்னும் கொஞ்ச காலம் பேசலாம்.

போட்டியன்று மண்டபத்தில் காது கொடுக்க முடியாத சத்தம். தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தார்கள். அந்தப் பக்கம் மேஜையும் பிள்ளைகளும், இந்தப் பக்கம் பெரியவர்கள். பெரியவர் கை ரோபோமேல் பட்டால் அந்த அணி அவுட் என்று நடுவர் மைக்கில் சொன்னார். எல்லோரோடும் சேர்ந்து இவரும் தலையாட்டினார்.

ரோபோ சமர்த்தாகத்தான் ஓடியது. கட்டைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு போய்ச் சதுரத்தில் சேர்த்தது. கடைசிக் கட்டையை எடுக்கப் போகையில் ஒரு சக்கரம் கழன்று, இருந்த இடத்திலேயே திணறி நின்றுவிட்டது. அதனால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பிள்ளைகளே தூக்கிச் சரிசெய்து, தொடக்கத்திலிருந்து விடலாம். கொஞ்சம் மதிப்பெண் குறையும், அவ்வளவுதான். மகள் கையை நீட்டியும் விட்டாள். அதற்குள் இந்த மனிதர் கோட்டைத் தாண்டி ஓடிப்போய் ரோபோவை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார்.

விசில் ஊதிவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அணியில் ஒரு பையன் தேம்பித் தேம்பி அழுதான். அவன் அம்மா, வயசுக்கேற்ற புத்தி வேண்டாமா என்று நாலு பேர் காதுபடக் கேட்டாள். டீச்சர் ரோபோவை வாங்கிக்கொண்டு போனார். ஏன் ஓடினோம் என்று அவருக்கே விளங்கவில்லை. வெட்கப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது, வெட்கம்தான் வரவில்லை.

மகள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். அவள் முந்திக்கொண்டாள். குரலில் கோபம்கூட இல்லை.

“ரோபோ நின்னதும் அப்படி ஓடி வந்தியே. அம்மாவுக்கு மூச்சு நின்னப்போ ஏன்பா கதவுகிட்டயே நின்னுட்ட? கையைக்கூட வந்து பிடிக்கலையே.”

நர்ஸ் தடுத்தாள் என்று சொல்லலாமா என்று பார்த்தார். யாரும் தடுக்கவில்லை என்பது இவளுக்கும் தெரியும், அன்றைக்குக் கட்டிலோரம் இருந்தவளே இவள்தான்.

“பயமா இருந்துச்சு கண்ணு. தொட்டா சில்லுன்னு இருக்குமோன்னு.”



“நான் பிடிச்சிருந்தேன்” என்றாள். “ரொம்ப நேரம் சூடாத்தான்பா இருந்துச்சு.”